பாட்டாவை விட்டுவிடுங்கள் அண்ணாச்சி!

நடுவர் ஐயா அவர்களே, இரு அணித் தோழர்களே, மழையைப் பார்க்காமல் குடையும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற தக்கலை ஊர்மக்களே, வணக்கம்.

உடல் நலத்தைக் காப்பதில் பெரும்பங்கு அன்றாடப் பழக்கத்துக்கா, மருத்துவ அறிவுக்கா என்பது தலைப்பு. நான் மருத்துவ அறிவின் பக்கம். எதிரணித் தலைவர் அண்ணாச்சி பழக்கத்துக்காகப் பேசினார். பேச்சில் முக்கால்வாசி அவருடைய பாட்டா, அதாவது தாத்தாதான். “எனக்க பாட்டா தொண்ணூறு வயசிலயும் தென்னை ஏறினாரு. மரச்சீனியும் சாளைக்கறியும் தின்னாரு, ஆத்துல குளிச்சாரு, இருட்டினா படுத்தாரு. ஆஸ்பத்திரி நடை ஏறினதில்ல. எந்த டாக்டரு அவருக்குச் சொல்லிக் குடுத்தான்?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். தொண்ணூறில் தென்னை ஏறினவரை யார் கும்பிட மாட்டார்கள்?

ஆனால் அண்ணாச்சி, பாட்டாவோடு கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்? அதில் தொட்டிலிலேயே போனது எத்தனை, பேதியில் போனது எத்தனை, பிள்ளைப்பேற்றில் போன அக்கா தங்கச்சி எத்தனை பேர்? அவர்களும் அதே மரச்சீனியை, அந்த மரவள்ளிக் கிழங்கைத்தான் தின்றார்கள், அதே ஆற்றில்தான் குளித்தார்கள். அவர்கள் கதையை மேடையில் சொல்ல அவர்களுக்குப் பேரன் இல்லை. அதுதான் வித்தியாசம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 வயது. இன்று 70ஐ ஒட்டி இருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் 32 வயதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. பச்சைக் குழந்தைகள் அவ்வளவு பேர் இறந்ததால் சராசரி சரிந்து கிடந்தது. அப்போது பரோட்டாக் கடை இல்லை, பைக் இல்லை, செல்போன் இல்லை. நடை, உழைப்பு, உறக்கம் எல்லாம் இருந்தன. பழக்கம் போதும் என்றால் ஆயுள் அன்றைக்கல்லவா கூடியிருக்க வேண்டும்?

நான் நர்ஸாக வேலை பார்த்தவள். ஒரு சின்ன சங்கதி சொல்கிறேன். வீட்டுப் பிரசவத்தில் கையில் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, மேலே சாம்பலோ சாணியோ வைக்கிறது ஒரு காலத்துப் பழக்கம். அன்பில்லாமல் செய்ததா? இல்லை, அம்மாவும் பாட்டியும் அப்படிச் செய்தார்கள், அதனால் செய்தார்கள். பிறந்து ஒரு வாரத்தில் பிள்ளை பால் குடிக்காமல் விறைத்துப் போகும், தெய்வக் குற்றம் என்பார்கள். அது ரண ஜன்னி, டெட்டனஸ். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி. கர்ப்பிணிக்கு ஊசி, கொதிக்க வைத்த கத்தி, சுத்தமான கை: இவ்வளவுதான் தேவைப்பட்டது. 2015இல் இந்தியா பிரசவ ரண ஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. சாணி வைக்கும் பழக்கத்துக்கு நூறு தலைமுறை கொடுத்திருந்தாலும் அது தன்னைத்தானே திருத்திக்கொண்டிருக்காது.

பெரியம்மையையும் பாருங்கள். வேப்பிலை கட்டுவதும், வீட்டுக்குள் யாரையும் விடாமல் இருப்பதும் நல்ல பழக்கமென்று அண்ணாச்சி சொன்னார். ஒதுக்கி வைத்தது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அம்மை போகவில்லையே! நம்முடைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1813இல் ராணி கௌரி லட்சுமி பாய் காலத்திலேயே இங்கே அம்மை குத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. மக்கள் பயந்தார்கள், அதனால் அரண்மனைக்காரர்களே முதலில் குத்திக்கொண்டார்கள். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975. உலகத்தை விட்டே போய்விட்டதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். இன்று இந்த மண்டபத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு தழும்பு காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, மரச்சீனிக்கு வருவோம். அண்ணாச்சி விடுவாரா! “கிழங்கை அவிச்சு தண்ணிய வடிச்சுக் களையணும்னு எங்க அம்மைக்கு யாரு சொன்னா? அது பழக்கம்!” என்றார். நல்ல அடிதான். மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். அம்மைமார் செய்தது சரி. ஆனால் மீதி கொஞ்சம் உடம்புக்குள் போய் வேறொரு பொருளாக மாறி, தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேர விடாமல் மறிக்கும். தினமும் மூன்று வேளையும் கிழங்கு, அயோடினும் குறைவு என்றால் கழுத்துக் கழலை வரும். இதை எந்த அம்மை கண்டுபிடித்தாள்? “நம்ம கடலோரத்திலேல்லா இருக்கோம், புத்தளத்து உப்பளம் பக்கத்திலேல்லா கிடக்கு, நமக்கு எதுக்கு அயோடின் உப்பு?” என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் கல்லுப்பில் அயோடின் மிகச் சொற்பம். கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தைராய்டு நிறையாது, அண்ணாச்சி. சேர்த்த உப்பு வேண்டும், அதையும் டப்பாவில் மூடி வைக்க வேண்டும்.

அடுத்தது கருப்பட்டி. இதைச் சொன்னால் பாதி மண்டபம் என்னோடு சண்டைக்கு வரும், பரவாயில்லை. “சுகர் இருக்கு, அதனால சீனியை விட்டுட்டேன், கருப்பட்டிக் காப்பிதான்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதானே! கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கும், மணம் இருக்கும், நம்ம ஊர் பனை மேல் பாசம் இருக்கும். ரத்தத்துக்குப் பாசம் தெரியாது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, அதைச் சொல்கிறது அளவி. கருப்பட்டி நல்லது என்று சொல்கிறது பழக்கம். இரண்டில் எதை நம்பிக் காலைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

இங்கேதான் நம் இரு அணிக்கும் உள்ள உண்மையான சண்டை இருக்கிறது. பழக்கம் எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி. மருத்துவ அறிவு ஆளைப் பார்த்து அளவெடுக்கும். இளநீர் எடுத்துக்கொள்வோம், நம் மாவட்டத்தில் இளநீரைக் குறை சொன்னால் அடிதான் விழும். வயிற்றுப்போக்கில் வாடிக் கிடப்பவருக்கு இளநீர் நல்லது. அதே இளநீரும் இரண்டு ஏத்தன்பழமும், அதாவது நேந்திரம் பழமும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஆபத்து. பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பே குலையலாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அன்பாகக் கொண்டுவருவது என்ன? இளநீரும் ஏத்தன்பழக் குலையும்! கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைத்தே எனக்குக் கை வலித்திருக்கிறது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிட்டாலும் மாத்திரையின் வேலை கெடும். இளநீரும் கீரையும் கெட்டதா? இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று கேட்கத் தெரிந்ததுதான் அறிவு.

மூலிகைக்குப் பேர்போன நம்ம மருந்துவாழ் மலை எங்கள் பக்கம் என்று அண்ணாச்சி சொன்னபோது சிரிப்பு வந்தது. மலையில் மூலிகை முளைக்கிறது, சரி. எந்த வேர், எந்த நோய்க்கு, எத்தனை நாள், எதோடு சேர்க்கக் கூடாது என்று தெரிந்தவருக்குப் பெயர் வைத்தியர். அது படிப்பு. கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் பிள்ளைகள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்களே, எதற்கு? நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் காலால் நடந்து, குருவின் கீழ் இருந்து கற்றதும் படிப்புத்தான். மலையையும் ஆசானையும் எங்கள் அணிக்குத் தந்துவிடுங்கள். உங்களுக்குப் பாட்டா போதும்.

வெளியே பெய்கிற மழையைக் கேட்டியளா? இது ரப்பர் தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது. மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றிருக்கும், மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை மட்டும் கவிழ்க்காமல் கிடக்கும். அதில் தேங்கிய தண்ணீர் போதும், டெங்கு பரப்பும் கொசு முட்டையிட. ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும், கவிழ்த்தும் வைக்க வேண்டும். வீட்டைக் கூட்டிப் பெருக்கும் நல்ல பழக்கம் உள்ளவர் வீட்டிலும் டெங்கு வரும், அந்தக் கொசு சாக்கடையைத் தேடாது, சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல். காலில் புண் இருக்கும்போது வெறுங்காலோடு சேற்றில் இறங்குவது உழைப்பாளியின் பழக்கம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கிருமி இருக்கிறது, புண் வழியாக ஏறுகிறது என்று சொல்வது அறிவு. கடுமையாகிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலும் தசைவலியும் வந்ததும் “மேல்வலிதான்” என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல், வயலில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய துப்பு.

நாய் கடித்தால் மிளகாய்ப்பொடி வைப்பது, பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டிக் கீறி ரத்தம் எடுப்பது: இவையும் பழக்கங்கள்தான், அண்ணாச்சி அவற்றைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார். நாய்க்கடியை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போட ஓட வேண்டும். வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு அநேகமாகப் பிழைப்பே இல்லை.

ஒரு கொத்தனார். குடியில்லை, பீடியில்லை, வேலைக்கு நடந்தே போவார், இரவு ஒன்பதுக்குப் படுப்பார். எதிரணி சொல்கிற எல்லாப் பழக்கமும் அவரிடம் இருந்தன. ஊரில் நடந்த முகாமில், “எனக்கு எதுக்கு மக்களே இது?” என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினார். ரத்த அழுத்தம் 190க்கு 110. தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பக்கவாதம் வந்திருந்தது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ரத்த அழுத்தம் சத்தம் போடாது, கருவி வைத்துப் பார்த்தால்தான் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்களே, அது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். ஒருவேளை வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்க்க உட்காராதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

“தெரிஞ்சும் சிகரெட் பிடிக்கிற டாக்டர் இல்லையா?” என்று அண்ணாச்சி முடித்தார். இருக்கிறார். அறிவு இருந்தும் நடக்காதவர் உண்டு, அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் சிகரெட் கெடுதி என்று அவருக்கும் உங்களுக்கும் சொன்னது யார்? புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டும் வரை அது நாகரிகப் பழக்கம். அதைவிடப் பக்கத்தில் பாருங்கள்: கல்யாண வீட்டுத் தாம்பூலத்தட்டு. எவ்வளவு மங்கலமான பழக்கம்! அதில் புகையிலை இல்லாவிட்டாலும், வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. தட்டை நீட்டுகிறவர் கை நடுங்குவதில்லை, பழக்கமல்லவா!

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடிக்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேசப் போகிற அக்காவிடம் ஒரு கேள்வி வைத்துவிட்டுப் போகிறேன். அதிகாலை எழுவதும் கை கழுவுவதும் நல்ல பழக்கம், தாம்பூலமும் சாணியும் கெட்ட பழக்கம் என்று நீங்களும்தான் பிரிப்பீர்கள். அப்படிப் பிரிக்க எதைக் கையில் எடுப்பீர்கள் அக்கா? பாட்டாவைச் சொல்லக் கூடாது.