ஸ்கூல் ஹவுஸும் சிவப்புத் தொப்பியும்

வணக்கம் மக்களே! இன்றைக்கு இங்கிலாந்தில் இருக்கிற ரக்பி பள்ளிக்குப் போகலாம். ஆமாம், ரக்பி பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுத்த அந்த ரக்பிதான். ஆனால் நான் பேசப்போவது அங்கே இருக்கும் 'ஸ்கூல் ஹவுஸ்' என்கிற விடுதியைப் பற்றி.

முதலாம் எலிசபெத் ராணிக்கு மளிகை கொடுத்துவந்த லாரன்ஸ் ஷெரிஃப் 1567-ல் உயில் எழுதி உருவாக்கிய பள்ளி இது. உள்ளூர்ப் பையன்களுக்காகத் தொடங்கியது. போகப் போக வெளியூர்ப் பணக்காரப் பிள்ளைகள் குவிந்தார்கள். எங்கே தங்குவது? ஊரில் சில பெண்மணிகள் வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டார்கள். அவர்களை 'டேம்' என்பார்கள். தலைமையாசிரியர் தன் பொறுப்பில் வைத்துக்கொண்ட பையன்களின் விடுதிதான் ஸ்கூல் ஹவுஸ்.

1828-ல் தாமஸ் ஆர்னால்ட் தலைமையாசிரியராக வந்தார். டேம்களிடம் இருந்த விடுதிகள் ஒவ்வொன்றாக ஆசிரியர்கள் கைக்கு மாறின. 'ஹவுஸ் மாஸ்டர்' என்ற பதவிக்கு ஒரு கனம் வந்தது இப்படித்தான்.

அடுத்து வருவதுதான் சிக்கலான மரபு. அன்றைக்கு மேல்வகுப்பு மாணவர்கள் கையில்தான் விடுதியின் ஒழுங்கு இருந்தது. சின்னப் பையன்கள் அவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டியிருந்தது: அறையைப் பெருக்குவது, ரொட்டி வாட்டுவது. இதற்குப் பெயர் 'ஃபேகிங்'. ஒருவரிடம் முறையாக அதிகாரம் கொடுக்காவிட்டால், யாருக்கு உடல்பலமோ அவன்தான் ராஜா ஆவான் என்று ஆர்னால்ட் வாதாடினார். வாதம் சரி, ஆனால் அதிகாரம் கிடைத்த பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான் என்று அந்தச் சின்னவர்களிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஸ்கூல் ஹவுஸ் ஒரு பக்கம், மீதிப் பள்ளி முழுக்க எதிர்ப்பக்கம்! இது அங்கே வருடா வருடம் நடந்த மோதல். கூட்டமாக ஒரு பந்தின்மேல் விழும்போது யார் நம்மாள் என்று எப்படித் தெரியும்? 1839-ல், மறைந்த மன்னர் நான்காம் வில்லியமின் மனைவியான அடிலெய்ட் ராணி வந்து பார்த்த ஆட்டத்தில் ஸ்கூல் ஹவுஸ் பையன்கள் சிவப்பு வெல்வெட் தொப்பி போட்டு ஆடினார்கள். பார்க்க எப்படி இருந்திருக்கும்!

இந்தப் பள்ளி மாணவன் வில்லியம் வெப் எல்லிஸ் 1823-ல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான், அப்படித்தான் ரக்பி ஆட்டம் பிறந்தது என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எனக்கு அந்தக் கதையைவிடத் தொப்பிதான் பிடிக்கும். நாட்டுக்காக ஆடும் வீரருக்கு இன்றும் 'கேப்', அதாவது தொப்பி, கொடுக்கிறார்களே, அந்த வழக்கத்தின் பழைய வேர்களில் ஒன்று இந்த விடுதியில்தான் இருக்கிறது.