22,400 ரூபாய் திரும்பி வந்துருச்சு! மருந்து பில்லுல கை வச்சா என்ன எழுதணும்?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு டிஸ்சார்ஜ் சம்மரி வீடியோவோட ரெண்டாம் பாகம் போடுறேன்னு சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு, அதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது. நம்ம சேனல் பாக்குற ஒரு தம்பி, அவங்க அப்பாவோட குடலிறக்க ஆபரேஷனுக்கு ஹெல்த் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தந்துச்சு, எவ்வளவு வெட்டுச்சுன்னு சொல்ற செட்டில்மென்ட் லெட்டரை எனக்கு அனுப்பியிருந்தாரு, கம்யூனிட்டி போஸ்ட்ல கூடப் போட்டிருந்தேன். "மேடம், 22,400 கிரெடிட் ஆயிடுச்சு"ன்னு எழுதியிருக்காரு. கம்பெனி தப்பா வெட்டுன காசு, ஒரே ஒரு மெயில்ல திரும்பி வந்துருச்சுங்க!

லெட்டர் இதோ. பேரு, பாலிசி நம்பர் எல்லாம் மறைச்சுட்டேன். சம் இன்ஷ்யூர்டு, அதாவது பாலிசி மொத்தமாத் தர்ற உச்சத் தொகை, 3 லட்சம். ரூம் வாடகை வரம்பு அதுல ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000. ஆஸ்பத்திரியில 3,000 ரூபாய் ரூம் காலி இல்லைன்னு 5,000 ரூபாய் ரூம்ல போட்டுட்டாங்க. நாலு நாள். வீட்டுல என்ன நினைச்சாங்கன்னா, ஒரு நாளைக்கு 2,000 கூட, நாலு நாளைக்கு 8,000, அதை நம்ம கையில இருந்து கட்டிக்கலாம்னு. பில்லு 1,50,000. வந்தது 88,800. அப்போ 61,200 போச்சு. கீழ ஒரே வரி: "பாலிசி விதிகளின்படி கழிக்கப்பட்டது." எனக்குச் சுத்தமா பிடிக்காத வரி இது. எந்த விதி, எந்தப் பக்கம், எத்தனாவது பிரிவு? ஐஆர்டிஏஐ, அதாவது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அமைப்பு, 2024 மே 29 அன்னிக்குப் போட்ட மாஸ்டர் சர்க்குலர்ல, ஒரு ரூபாய் குறைச்சாலும் பாலிசியில எந்த நிபந்தனைப்படி குறைச்சோம்னு சுட்டிக்காட்டி எழுதணும்னு தெளிவா இருக்கு. அப்படி எழுதாத லெட்டரை அப்படியே ஏத்துக்காதீங்க.

சரி, கணக்குக்கு வருவோம். ரூம் 20,000. சர்ஜன் 40,000, மயக்க டாக்டர் 10,000, ஆபரேஷன் தியேட்டர் 18,000, டாக்டர் விசிட் 4,000. இந்த நாலும் சேர்ந்து 72,000. அப்புறம் மருந்தும் டிஸ்போசபிளும் 28,000, மெஷ், அதாவது குடலிறக்கத்துக்கு உள்ள வைக்கிற வலை, 16,000, டெஸ்ட், ஸ்கேன் 12,000. இது 56,000. மிச்சம் 2,000 எதுக்கும் சேராத சில்லறை ஐட்டம்.

ரூம் வரம்பைத் தாண்டினா ரூம் வாடகை மட்டும் குறையாது. 5,000க்கு 3,000, அதாவது 60 சதவீதம்தான் உங்க தகுதின்னு சொல்லி, அந்த ரூமை ஒட்டி ஏறுற மத்த சார்ஜையும் (அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்ஸ்னு இதுக்குப் பேரு) 60 சதவீதமாக் குறைப்பாங்க. பிரப்போர்ஷனேட் டிடக்‌ஷன்னு சொல்றது இதைத்தான். அப்போ 72,000த்துல 28,800 போகும். ரூம்ல 8,000 போகும். சில்லறை 2,000. மொத்தம் 38,800. இது வலிக்கும், ஆனா விதிப்படி சரி. 1,11,200 வந்திருக்கணும்.

இவங்க என்ன பண்ணியிருக்காங்க? மருந்து, மெஷ், டெஸ்ட், அந்த 56,000த்துலயும் 40 சதவீதம் வெட்டியிருக்காங்க. அதான் அந்த 22,400. மெஷ்ஷை எடுத்துக்கோங்க. பொது வார்டுல படுத்தாலும் டீலக்ஸ் ரூம்ல படுத்தாலும் அதே கம்பெனி வலை, அதே எம்ஆர்பி. ரூம் மாறினா வலையோட விலை மாறுமா? 2020-லயே ஐஆர்டிஏஐ இதை எழுதி வச்சுட்டாங்க: மருந்து, கன்ஸ்யூமபிள், இம்பிளான்ட், மருத்துவக் கருவி, டயக்னாஸ்டிக்ஸ், இதெல்லாம் ரூமோட சேர்த்துக் குறைக்கிற கணக்குல வரவே கூடாது. ஐசியூ சார்ஜுக்கும் இந்த வெட்டு கிடையாது.

தம்பிக்கு நான் சொன்ன மெயில் நாலு வரிதான். கிளைம் நம்பர். "மருந்து, இம்பிளான்ட், பரிசோதனைக் கட்டணம் 56,000-ல் விகிதாசாரக் கழிவு செய்துள்ளீர்கள், இவை அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்ஸ் வரையறைக்குள் வராது." அப்புறம் "எந்தப் பிரிவின்படி கழித்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்." கடைசியா பிரேக்-அப் பில், அதாவது ஐட்டம் வாரியா போட்ட பில், இணைப்பு. டிபிஏவுக்கு மட்டும் அனுப்பாதீங்க. டிபிஏ நடுவுல இருக்கிற ஏஜென்சி, முடிவு எடுக்க வேண்டியது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி. கம்பெனியோட கிரீவன்ஸ், அதாவது புகாருக்கான மெயில் ஐடி பாலிசி டாக்குமென்ட்லயே இருக்கும், அதுக்குப் போடணும், டிபிஏவை சிசியில வைங்க. திட்டி எழுதாதீங்க, கதை எழுதாதீங்க. எண்ணும் பிரிவும் மட்டும்.

அந்தத் தம்பிக்கு நான் இன்னொண்ணும் சொல்லியிருக்கேன், அது இன்னும் நடந்துட்டிருக்கு. ஆஸ்பத்திரியோட ரேட் கார்டு கேட்டு வாங்கச் சொல்லியிருக்கேன். ஏன்னா தியேட்டர் சார்ஜ் எல்லா ரூமுக்கும் ஒரே ரேட்டா இருந்தா, அந்த 18,000த்துலயும் வெட்டக் கூடாது. ரூமைப் பொறுத்து ரேட் மாறுற ஐட்டத்துல மட்டும்தான் இந்தக் கழிவு. சின்ன ஊர் நர்சிங் ஹோம்கள்ல பெரும்பாலும் ஒரே ரேட்டுதான் இருக்கும். "எங்கள் மருத்துவமனையில் அறை வகையைப் பொறுத்து கட்டணம் மாறுவதில்லை"ன்னு லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதிச் சீல் போட்டு வாங்குனா போதும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். ரூம் வாடகை வரம்புன்னு சொன்னேன்ல, பல பாலிசிகள்ல அது "ரூம், போர்டிங், நர்சிங்" மூணும் சேர்த்துத்தான். ரூம் 3,000ன்னு பார்த்து எடுத்திருப்பீங்க, நர்சிங் 600 தனியா பில்லுல வரும், 3,600 ஆயிடும், வரம்பு தாண்டிரும். அட்மிஷன் கவுன்ட்டர்ல கேக்க வேண்டிய கேள்வி, "ரூம் எவ்வளவு?" இல்லை. "ரூமும் நர்சிங்கும் சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு?" இப்படிக் கேளுங்க.

இப்போ அந்த 2,000 ரூபாய் சில்லறைக்கு வர்றேன். ரெண்டாயிரத்துக்கு இவ்வளவு நேரமான்னு கேக்காதீங்க, ஒவ்வொரு பில்லுலயும் இது ஓடுது. தம்பி பில்லுல அட்மிஷன் கிட் 850, ஃபைல் ஓப்பனிங் 300, டிஸ்சார்ஜ் புரொசீஜர் 500, கையில கட்டுற பேர் பட்டை 100, டயபர் 250. இதுல டயபர் மட்டும் நிஜமாவே நம்ம தலையில. இன்ஷ்யூரன்ஸ்ல கொடுக்காத பொருள் பட்டியல் நாலு இருக்கு. முதல் பட்டியல்ல 68 ஐட்டம், டயபர், கிரேப் பேண்டேஜ், மினரல் வாட்டர் மாதிரி. அது நீங்க கட்டணும், பாலிசியில கன்ஸ்யூமபிள் ரைடர், அதாவது இதுக்குன்னு கூடுதலா காசு கட்டி வாங்குற கவரேஜ், இருந்தாத் தவிர. ஆனா ரெண்டாவது பட்டியல், ரூம் வாடகைக்குள்ளயே அடங்கினதுன்னு அர்த்தம். அட்மிஷன் கிட், ஃபைல் ஓப்பனிங், டிஸ்சார்ஜ் புரொசீஜர், பேர் பட்டை, ஏசி சார்ஜ், ஹவுஸ் கீப்பிங், எல்லாம் அதுல இருக்கு. ரூம் வாடகையும் வாங்கிட்டு இதையும் தனியா வாங்குனா ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை காசு. மூணாவது பட்டியல் ஆபரேஷன் சார்ஜுக்குள்ள அடங்குனது: பஞ்சு, காஸ், சர்ஜிக்கல் டேப், ரேசர். பில்லிங் கவுன்ட்டர்ல காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, கட்டுன பிறகு கேட்டா வாங்குறது கஷ்டம். "இது ரெண்டாவது லிஸ்ட் ஐட்டம், ரூம் வாடகையில அடங்கணும், எடுத்துருங்க"ன்னு மரியாதையாச் சொல்லுங்க. அந்த 850 ரூபாய் கிட்டுல என்ன இருந்துச்சாம்? டூத் பிரஷ், பேஸ்ட், சீப்பு, டிஷ்யூ. இந்த நாலும் தனித்தனியாவே அந்தப் பட்டியல்ல இருக்கு!

சரி, காசை விடுங்க. இந்த விதிகளெல்லாம் நோயாளிக்குக் கிடைக்கிற வைத்தியத்தையே மாத்துது, அதுதான் என்னை ரொம்ப உறுத்துது. 24 மணி நேரம் படுத்திருந்தாத்தான் கிளைம்னு ஒரு நிபந்தனை இருக்குல்ல. டயாலிசிஸ், கீமோ, கண்புரை மாதிரி ஒரே நாள்ல முடியுற டே கேர் சிகிச்சை தவிர மத்ததுக்கு. அதனால காலையில வீட்டுக்குப் போகலாம்ங்கிற நிலையில இருக்கிறவங்களைச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்காங்க. இன்னொரு பக்கம், காய்ச்சல்னு சேர்ந்து மாத்திரை மட்டும் கொடுத்திருந்தா, "ஓபியில பார்த்திருக்கலாமே"ன்னு நிராகரிக்கிறாங்க. அதுக்குப் பயந்து தேவையில்லாம ட்ரிப்ஸ் ஏத்துறது நடக்குது. நெஞ்சு வலின்னு ராத்திரி வந்து, எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்தா, "பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தது"ன்னு பாலிசியில 'இதுக்குத் தர மாட்டோம்'னு இருக்கிற எக்ஸ்க்ளூஷன் 04-ஐப் போட்டுத் தள்ளுறாங்க. மாரடைப்பு இல்லைன்னு உறுதி பண்ணத்தானே அந்த அட்மிஷன்! இப்படி ஒரு தடவை கைக்காசு போனவங்க அடுத்த தடவை நெஞ்சு வலின்னா விடியட்டும்னு காத்திருப்பாங்க. இதை நான் எப்பவும் மன்னிக்க மாட்டேன். இதுக்கு டாக்டர் எழுதுற வார்த்தை முக்கியம். "ஃபார் எவால்யுவேஷன்"னு மட்டும் எழுதுனா போச்சு. என்ன அறிகுறியோட வந்தாங்க, பிபி, பல்ஸ் எவ்வளவு, ஏன் கண்காணிப்புல வச்சாங்க, என்ன மருந்து எந்த நேரம் கொடுத்தாங்க, இந்த நாலும் உள்ளது உள்ளபடி டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கணும்.

கேஷுவால்ட்டியில இன்னொரு பொறி. பதட்டத்துல நிக்கிற சொந்தக்காரர்கிட்ட டியூட்டி டாக்டர் கேப்பாரு, "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?" அவரு வாய்க்கு வந்தபடி "அது இருக்குங்க ஒரு பத்து வருஷமா"ன்னுருவாரு. நிஜத்துல மூணு வருஷம்தான் இருக்கும். முதல் ஷீட்ல பத்துன்னு ஏறிடுச்சுன்னா, பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடியே இருந்ததை மறைச்சீங்கன்னு கிளைம் நிக்கும். பொய் சொல்லச் சொல்லலை. சுகர் எப்போ கண்டுபிடிச்சாங்கன்னு முதல் ரிப்போர்ட்டோட தேதியை ஒரு அட்டையில எழுதி வீட்டுல எல்லாரோட போன்லயும் போட்டோவா வைங்க. தேதி தெரியாதவங்க "சரியாத் தெரியாது"ன்னு சொல்லட்டும். விடாம 60 மாசம் பாலிசி கட்டியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாத் தவிர மறைச்சதாச் சொல்லித் தள்ள முடியாது. முன்னாடி 96 மாசமா இருந்துச்சு, 2024-ல குறைச்சாங்க. அதனாலதான் பாலிசியை இடையில விட்ராதீங்கன்னு எல்லா வீடியோலயும் கத்துறேன்.

டிஸ்சார்ஜ் லேட் பத்தி கமென்ட்ல நிறைய பேர் கேட்டிருக்கீங்க. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறதுல, முதல் அனுமதி ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதி மூணு மணி நேரம், இதுவும் முன்னாடி சொன்ன அதே 2024 மே சர்க்குலர். மூணு மணி தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலா ஏதாவது போட்டா கம்பெனிதான் கட்டணும். ஆனா அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது டாக்டர் காலையில "வீட்டுக்குப் போகலாம்"னு சொன்னப்போ இல்லை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்புனப்போ. நடுவுல மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பணும், லேப் கிளியரன்ஸ் வரணும், சம்மரி டைப் ஆகி டாக்டர் கையெழுத்து போடணும், அப்புறம்தான் பில். கையெழுத்துலதான் பெரும்பாலும் நிக்கும், டாக்டர் தியேட்டருக்குள்ள போயிருப்பாரு. ஒரு கட்டில் காலியாகாம மத்தியானம் முழுக்க நின்னா, கேஷுவால்ட்டியில இன்னொருத்தர் ஸ்ட்ரெச்சர்லயே காத்திருக்காருன்னு அர்த்தம். அதனால முந்தின நாள் சாயங்காலமே சம்மரி டிராஃப்ட் கேளுங்க, மருந்து ரிட்டர்னை ராத்திரியே முடிக்கச் சொல்லுங்க. இன்ஷ்யூரன்ஸ் டெஸ்க்ல "எத்தனை மணிக்கு அனுப்புனீங்க"ன்னு கேட்டு நேரத்தைக் குறிச்சு வைங்க.

கம்பெனிக்குப் போட்ட புகார் மெயிலுக்கு ஒரு மாசத்துல பதில் வரலை, இல்ல வந்த பதில் சரியில்லைன்னா, இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது இன்ஷ்யூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கிற அதிகாரிகிட்ட போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் எடுத்துக்குவாங்க. கம்பெனி நிராகரிச்ச தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். ஆம்புட்ஸ்மன் உத்தரவு போட்டு 30 நாள்ல கம்பெனி பணம் தரலைன்னா, ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். அதுக்கு முன்னாடி ஐஆர்டிஏஐயோட புகார் தளமான பீமா பரோசா போர்ட்டல்ல ஒரு புகார் போட்டு வைங்க, 155255-க்கு போன் பண்ணியும் பதியலாம்.

ஆங், அந்த மெஷ் பத்திச் சொல்லிட்டு ஸ்டிக்கரைச் சொல்லலையே! ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது நாமளே கட்டிட்டு அப்புறம் கேட்டு வாங்குறதுன்னா, இம்பிளான்ட் ஸ்டிக்கர் இல்லாம ஃபைல் நகராது. வலையோ, ஸ்டென்ட்டோ, கண்ணுல வைக்கிற லென்ஸோ, டப்பாவுல பேட்ச் நம்பரோட ரெண்டு மூணு ஸ்டிக்கர் இருக்கும். ஒண்ணு கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, மிச்சம் டப்பாவோட குப்பைக்குப் போயிடும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடியே தியேட்டர் சிஸ்டர்கிட்ட "ஒரு ஸ்டிக்கர் எங்களுக்கு எடுத்து வைங்க சிஸ்டர்"னு சொல்லி வச்சிருங்க. அதை வெள்ளைப் பேப்பர்ல ஒட்டி, சர்ஜன் கையெழுத்தும் சீலும் வாங்கி, இம்பிளான்ட் இன்வாய்ஸோட பின் பண்ணுங்க. ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து வச்சுட்டு அனுப்புங்க, கலர் ஜெராக்ஸ்.