எண்பது வயதில் இதய அடைப்பு

நேயர்களுக்கு வணக்கம். இதய இரத்தக் குழாய்களில் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் ஆஞ்சியோ முடிந்ததும் பிள்ளைகள் ஒரு எண்ணோடுதான் என்னிடம் வருவார்கள். "அப்பாவுக்கு எண்பது சதவீத அடைப்பாம் டாக்டர், இன்றைக்கே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?" ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக் குழல். அவர்களுடைய பதற்றம் நியாயமானது. ஆனாலும் நான் முதலில் கேட்பது பெரியவரைத்தான்: "ஐயா, மாடி ஏறினால் என்ன செய்கிறது?"

மாரடைப்பே வந்துவிட்டதென்றால் பேச்சு வேறு. குழாய் முழுதும் அடைத்திருப்பதாக ஈசிஜி காட்டினால், எண்பது வயதானாலும் உடனே திறப்பதுதான் முறை. முதியவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், திடீர் மூச்சுத் திணறல், வியர்வை, மனக் குழப்பம் என்றும் அது வரும். வாயுக் கோளாறு என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் அடங்குகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்பவர்களுக்கு யோசிக்க நேரம் உண்டு. 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் இப்படிப்பட்ட 5,179 பேர் இருந்தார்கள். முதலிலேயே ஸ்டென்ட், பைபாஸ் (அடைப்பைத் தாண்டி இரத்தம் போக மாற்றுக் குழாய் இணைக்கும் அறுவை சிகிச்சை) என்று போனவர்களுக்கு, மாத்திரையோடு தொடங்கியவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. நெஞ்சு வலி குறைந்தது, அது உண்மை. இதயத்தின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாயான இடப்பக்க மூலக்குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை; அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆகவே மாத்திரையை நன்றாகக் கொடுத்தும் வலி அடங்காமல், கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை என்கிறவருக்கு ஸ்டென்ட் பெரிய நிம்மதி. ஆனால் அதன் பிறகு இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைச் சில மாதங்களாவது சேர்த்துச் சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண் உள்ளவருக்கும் அடிக்கடி தடுக்கி விழுபவருக்கும் இரத்தக் கசிவு பெரிய ஆபத்து. ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இவற்றை ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இதயத்தின் முக்கியமான மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை நோய் என்றால் பைபாஸ்தான் நீண்ட காலத்துக்கு நல்லது. தெம்பு திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். வயதைவிட, தானே எழுந்து குளித்து நடக்கிறாரா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். பெரியவர் "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றால், ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்தப் பதிலுக்கும் சிகிச்சையில் இடம் உண்டு.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல் பிடுங்கப் போனாலும் சரி, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.