காதில் பூ, கையில் சொம்பு: பெங்களூரு சுவர்களில் தேர்தல் பகடி

[காட்சி: அல்சூர் சந்தைத் தெரு. டீக்கடைக் கல்லாமேல் ஒட்டிய க்யூஆர் அட்டை. ஓரம் சுருண்டு, நடுவில் டீக்கறை.]

வணக்கம். இந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். டீக்கு, கீரைக்கட்டுக்கு, ஆட்டோவுக்கு என்று ஒரு நாளில் எத்தனை தடவை இதற்கு முன்னால் போனை நீட்டுகிறோம்! யாரும் இதைப் படிப்பதில்லை. கண்ணில் பட்டதுமே கை போனை எடுத்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் கர்நாடக காங்கிரஸ் பிடித்துக்கொண்டது அந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

[காட்சி: நீலமும் வெள்ளையுமான சுவரொட்டியின் வரைபடம்.]

பேடிஎம் விளம்பரம் போலவே இருந்த சுவரொட்டிகள் பெங்களூரு சுவர்களில் திடீரென்று முளைத்தன. எழுத்து மட்டும் 'பே சிஎம்', அதாவது முதல்வருக்குப் பணம் கட்டு. க்யூஆர் கட்டத்துக்குள் அன்றைய பாஜக முதல்வர் பசவராஜ் பொம்மையின் முகம். கூடவே, '40% இங்கே ஏற்கப்படும்' என்று ஒரு வரி. ஸ்கேன் செய்தால் அரசுமீது ஊழல் புகார் சொல்லும் '40% சர்க்கார்' இணையதளம் திறந்தது.

அந்த 40% எங்கிருந்து வந்தது? அரசு வேலைகளுக்கு 40% வரை கமிஷன் கேட்கிறார்கள் என்று கர்நாடக ஒப்பந்ததாரர்கள் சங்கம் 2021-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தது. பாஜக அரசு அதை மறுத்தது. அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சுவரொட்டியைப் பார்க்காதவர்கள்தான் குறைவு.

என் கணக்கில் இது மிகத் திறமையான பகடி. அதனாலேயே இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். கடிதத்தில் குற்றச்சாட்டாக இருந்த எண், சுவரொட்டியில் கடைக்காரர் எழுதிப்போட்ட விலை மாதிரி ஆகிவிட்டது. படித்ததும் சிரிக்கிறோம், சிரித்த வேகத்தில் நம்பியும்விடுகிறோம். 'இதற்கு ஆதாரம் என்ன' என்று கேட்க நடுவில் இடமே இல்லை. 2023-ல் ஆட்சிக்கு வந்த பிறகுதான், ஓய்வுபெற்ற நீதிபதி நாகமோகன் தாஸ் தலைமையில் விசாரணை ஆணையத்தையே காங்கிரஸ் அரசு அமைத்தது. சுவர் தீர்ப்பு எழுதி அப்போது பல மாதம் ஆகியிருந்தது.

போலீஸ் நடவடிக்கை அந்தச் சுவரொட்டிக்கு இன்னும் விளம்பரமாகத்தான் போனது. ஒட்டியவர்களில் சிலர் கைதானதும், காங்கிரஸ் தலைவர்கள் சித்தராமையாவும் டி.கே.சிவகுமாரும் தாங்களே பசை வாளியோடு தெருவில் இறங்கினார்கள். அது எல்லா சேனல்களிலும் ஓடியது. பாஜகவும் சும்மா இருக்கவில்லை. அதே க்யூஆர் வடிவத்தில் அவர்கள் இருவரின் முகத்தையும் போட்டுப் பதில் கொடுத்தது.

[காட்சி: காதில் செருகிய சாமந்திப் பூ.]

அடுத்தது 2023 பிப்ரவரி 17. பொம்மை பட்ஜெட் வாசித்த அன்று, சித்தராமையாவும் காங்கிரஸ் எம்எல்ஏக்களும் காதில் பூ வைத்துக்கொண்டு சட்டசபைக்கு வந்தார்கள். ஊருக்குள் பாஜகவின் சுவர் விளம்பரங்கள்மேல் 'கிவி மேலே ஹூவா' என்ற சுவரொட்டிகள் ஏறின. காதுமேல் பூ. இந்த ஒன்றுக்கு நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 'யார் காதில் பூ சுற்றுகிறாய்?' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். ஸ்ரீராம்புரத்தில் கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ்ப் பாட்டிக்கும் படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும்.

பகடிக்கு இரவல் வாங்கும் பொருள், பார்ப்பவர் வீட்டில் முன்பே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் ஒட்டாது.

சரி, இரவல் வாங்கிவிட்டுப் பகடியே செய்யாவிட்டால்? அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2022-ல் காங்கிரஸ் நடத்திய பாரத் ஜோடோ நடைப்பயண யாத்திரையின் வீடியோக்களில் 'கே.ஜி.எஃப் 2' படத்தின் இசையைப் போட்டார்கள் என்று, உரிமை வைத்திருந்த பெங்களூரு நிறுவனமான எம்ஆர்டி மியூசிக் வழக்குப் போட்டது. நவம்பர் 7 அன்று, காங்கிரஸின் ட்விட்டர் கணக்கையும் யாத்திரையின் கணக்கையும் தற்காலிகமாக முடக்கச் சொன்னது பெங்களூரு வணிக நீதிமன்றம். மறுநாளே, அந்த வீடியோக்களை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. போலீஸ் வழக்கு தனியாக ஓடியது. அதை ரத்து செய்ய 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடி என்ற சொல்லே கிடையாது. 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்கிறது. பகடி செய்பவர்கள் ஒதுங்க அந்தத் திண்ணைதான் இருக்கிறது. தலைவர் நடந்து வரும்போது பின்னால் வேறொருவரின் இசையை அப்படியே ஓடவிடுவது விமர்சனத்தில் சேருமா? சேராது என்றே நினைக்கிறேன். (கே.ஜி.எஃப் என்றதும் பலருக்குப் படம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு, 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன.)

[காட்சி: வெறும் செம்பு ஒன்று, மேசைமேல்.]

கடைசியாக 2024 ஏப்ரல். மக்களவைத் தேர்தல் நேரத்தில் செய்தித்தாளைத் திறந்தால் ஒரு செம்பின் படம். மோடி அரசு கர்நாடகத்துக்குக் கொடுத்தது 'சொம்பு' என்றது காங்கிரஸ் விளம்பரம். கன்னடத்தில் சொம்பு கொடுப்பது என்றால் வெறுங்கையோடு ஏமாற்றி அனுப்புவது. மாநிலத்துக்கு வர வேண்டிய வரிப் பங்கு வரவில்லை என்ற புகாரை அந்தப் பாத்திரத்துக்குள் வைத்தார்கள். என் பக்கத்து வீட்டுத் தம்பி, சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பேப்பரை நீட்டி, "அண்ணா, இதில் யார் யாருக்குச் சொம்பு தூக்குகிறார்கள்?" என்று கேட்டான். அவன் வளர்ந்த மீம் உலகத்தில் சொம்பு என்றால் ஜால்ரா. அதே செம்பு, அதே படம். அவனுக்கு எட்டிய செய்தி வேறு.

இரவல் பொருளை எதிராளியும் எடுக்கலாம். ஏப்ரல் 20 அன்று மோடியோடு மேடையேறிய பாஜக கூட்டணித் தலைவர், முன்னாள் பிரதமர் தேவகவுடா, காங்கிரஸ் விட்டுப்போன வெறும் சொம்பை மோடி அட்சய பாத்திரம் ஆக்கினார் என்று திருப்பிவிட்டார். கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் பாஜகவுக்கு 17, தேவகவுடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 2, காங்கிரஸுக்கு 9.