பெரியப்பா அசையாமல் நின்றார்!

வணக்கம் மக்களே. மூச்சு வாங்குகிறது, மன்னிக்கவும். இப்போதுதான் லாயத்திலிருந்து வந்து காரில் உட்கார்ந்தேன். விஷயம் என்னவென்றால், பெரியப்பா இன்று நின்றார்! ஏறும் மேடை பக்கத்தில், முழுதாக 4 நிமிடம், அய்யனார் கோவில் மண் குதிரை மாதிரி.

புதியவர்களுக்கு: பெரியப்பா ஒரு குதிரை. அவருடைய விறைப்புக்கு நான் வைத்த பெயர். இங்கே இங்கிலாந்தில், உடற்குறை உள்ளவர்களுக்குக் குதிரையேற்றம் நடத்தும் ஆர்டிஏ குழு ஒன்றில் சனிக்கிழமை தோறும் உதவிக்குப் போகிறேன் அல்லவா, அங்கே போன வருடம் வந்தவர். வயது 17. டிரெசாஜ் போட்டிக் குதிரை, அதாவது ஏறியவரின் நுட்பமான சைகைக்கு ஏற்ப அடி வைத்துக் காட்டும் போட்டி. குதிரையின் பரதநாட்டியம் என்று முன்பு ஒரு வீடியோவில் சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

நேற்று சித்தப்பா போனில், "ரிட்டயர் ஆன குதிரை, சும்மா நடக்கிற வேலைதானே, இதுக்கு எதுக்கு இத்தனை மாசம் பயிற்சி?" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம்.

சும்மா நடப்பதுதான் கஷ்டம், சித்தப்பா. குதிகால் லேசாகப் பின்னால் பட்டால் பாய்ச்சல், ஒரு பக்கம் அழுத்தினால் பக்கவாட்டில் நகர்வு என்று வருடக்கணக்கில் பழகியவர் அவர். இப்போது அவர் மேல் செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு குறைந்த குழந்தை உட்காருகிறது. கால் தசை தானாகவே இறுகும். குழந்தை ஒன்றுமே சொல்லவில்லை, ஆனால் பெரியப்பாவுக்கு அது உத்தரவு! அதனால்தான் பெரியவர்கள் மாறி மாறி ஏறி உட்கார்ந்து, காலை வேண்டுமென்றே உதைத்து, ஆட்டி, "இதையெல்லாம் காதில் வாங்காதே, கயிறு பிடிப்பவர் சொல்வதை மட்டும் கேள்" என்று மாதக்கணக்கில் பழக்கினார்கள்.

அட, பூட்ஸ் கதையைச் சொல்லவில்லையே! போன மாதம் பெரியப்பா என் காலை மிதித்ததை வீடியோவில் பார்த்தீர்கள். புது பூட்ஸ் 48 பவுண்டு. நான் கொடுப்பேனா? குதிரைச் சாமான் கடையில் பழைய பொருள் பெட்டியை அரை மணி நேரம் கிளறினேன். அடியில் கிடந்தது, 12 பவுண்டு, என் அளவு! கடைக்காரர் 15 என்றார். ஜிப் மக்கர் செய்வதைக் காட்டி 12க்கு இறக்கினேன். பாருங்கள், இதுதான். கேமராவில் தெரிகிறதா?

சரி, எங்கே விட்டேன்? ஆங், பெரியப்பா. அவர் உயரம் 16.2 கை. ஒரு கை 4 அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம். ஆக, தோள்மேடே 5 அடி 6 அங்குலம். நான் 5 அடி. பக்கத்தில் நடந்துகொண்டே குழந்தையின் தொடைமேல் முன்கையை வைத்துப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம்! மறுநாள் தலை சீவக் கை தூக்க முடியாது.

ஆனால் அந்த நடை இருக்கிறதே! குதிரை நடக்கும்போது மேலிருப்பவரின் இடுப்பு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசையும். நாம் நடக்கும்போது அசைவது போலவே. போட்டிக்காக வளர்த்த நீளமான, சீரான அடி இங்கேதான் பயன்படுகிறது.

இதற்கெல்லாம் வழி காட்டியவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போனது. குதிரையில் ஏற்றிவிட ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு போட்டியிட்டு, டிரெசாஜில் வெள்ளி! அவருடைய குதிரை ஜூபிலி, உடல் எடையின் அசைவிலேயே கட்டளையைப் புரிந்துகொண்டது. எங்கள் பெரியப்பா எதைக் கவனிக்கக் கூடாது என்று கற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் கால் பட்டையில் வெல்க்ரோ. சர்ரக் என்று பிரித்தார்கள். முன்பு இதே சத்தத்துக்கு இரண்டு முழம் பின்னால் பாய்ந்தவர், இன்று ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். திரும்ப முன்னால் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்! நான் அழுதேன், ஆமாம், அழுதேன், கிண்டல் செய்யாதீர்கள். பையில் இருந்த போலோ மிட்டாய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

அப்புறம், அந்த 12 பவுண்டு பூட்ஸ்... இடது கால் கடிக்கிறது. சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.