பீட்டாவின் படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படத்தைக் காட்ட முடியாது, அதனால் சொல்கிறேன். ஒரு கட்டில். அதில் எலும்பும் தோலுமாக ஓர் இளைஞர். அவர் தலையை அணைத்தபடி அப்பா அழுகிறார். பக்கத்தில் சகோதரியும் ஒரு சிறுமியும்.

1990 நவம்பரில் 'லைஃப்' இதழில் வெளிவந்து உலகம் முழுக்கப் போன கருப்பு வெள்ளைப் படம் இது. கட்டிலில் இருப்பவர் டேவிட் கெர்பி. தற்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பாடுபட்டவர். எய்ட்ஸ் நோயால் இறந்தபோது வயது 32. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று இருந்த ஓர் இல்லத்தில் இந்தப் படத்தை எடுத்தவர் தெரீஸ் ஃப்ரேர். அப்போது மாணவி, அங்கே தொண்டு செய்ய வந்தவர். தன் படத்தால் யாரும் சொந்த லாபம் பார்க்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு டேவிட் சம்மதித்திருந்தார்.

சரி, நான் பேச வந்தது இந்தப் படத்தைப் பற்றி மட்டும் அல்ல. டேவிட்டைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர் பீட்டா. லக்கோட்டா பழங்குடி வழிவந்தவர். ஆண், பெண் இரண்டுக்கும் நடுவே வாழ்ந்தவர். நம் மொழியில் 'அவர்' என்ற ஒரு சொல் போதும், எனக்கு அதில் ஒரு நிம்மதி. பீட்டாவுக்கும் எச்ஐவி இருந்தது. தனக்கே நோய் இருந்தும் இன்னொருவரின் கட்டிலருகே உட்கார்ந்தவர் அவர். அன்றைக்கு ஃப்ரேர் அந்த அறைக்குப் போனதே பீட்டாவோடு வந்ததால்தான். வாசலில் நின்றவரை டேவிட்டின் அம்மா கே உள்ளே அழைத்து, நாங்கள் விடைபெறுவதைப் படமெடுங்கள் என்றார். ஃப்ரேர் ஒரு மூலையில் அசையாமல் நின்று எடுத்தார்.

புகழ்பெற்ற படம் கிடைத்ததும் அவர் கேமராவை மூடிவிடவில்லை. 1992-ல் பீட்டா இறக்கும்வரை அவரைத் தொடர்ந்து படமெடுத்தார். அந்த வரிசையைத்தான் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். பீட்டா படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? டேவிட்டின் அப்பா பில்லும் அம்மா கேயும். மகனுக்குச் செய்தவருக்குத் தாங்கள் செய்தார்கள். தற்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட வட்டத்துக்குள், மகனை இழந்த ஒரு சிற்றூர்ப் பெற்றோரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அழுகிற அப்பாவின் படத்தைவிட இந்தப் படங்கள்தான் என்னை அதிகம் உலுக்குகின்றன.

பில்லும் கேயும் பீட்டாவைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு காரணமும் இருந்தது. டேவிட் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிற மெனு அட்டையைக்கூட அவர் தொடக் கூடாது என்று அங்கே ஒரு பெண் தர மறுத்தாராம். வாசலிலேயே நின்று வாசித்துக் காட்டினாராம். கே அதை மறக்கவில்லை. பீட்டாவுக்கு அப்படி ஒரு நாள் வராமல் அவரும் பில்லும் பார்த்துக்கொண்டார்கள்.