பீட்ரூட் சாயம் எங்கிருந்து கசிகிறது?

(சமூக மன்ற அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருக்கின்றன. காலையில் தேக்கா சந்தையில் வாங்கிய பீட்ரூட்டை நறுக்கி, ஒட்டியிருந்த சாறு போகக் கழுவி, ஒரு குவளையில் குளிர்ந்த நீரிலும் மற்றதில் கொதித்து இறக்கிய நீரிலும் போட்டேன். வெந்நீர்க் குவளை அதற்குள் செக்கச்செவேலென்று மாறிவிட்டதைப் பாருங்கள். மற்றது லேசாக வெளுத்த ரோஜா நிறத்தோடு நின்றுவிட்டது.

சாயம் உயிரணுவுக்குள் ஒரு பையில் கிடக்கிறது. பைக்கு ஒரு சவ்வு, உயிரணுவுக்கு ஒரு சவ்வு. சூட்டில் இரண்டும் குலைந்ததால்தான் நிறம் வெளியே வந்தது. உங்கள் கையிலுள்ள அழைப்பிதழ்த் தாளின் கனத்துக்குள் இத்தகைய சவ்வுகள் பத்தாயிரத்துக்கும் மேல் அடுக்கலாம்.

இவ்வளவு மெல்லியது எப்படிச் சேர்ந்து நிற்கிறது? சவ்வு பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறுகளும் புரதங்களும் சேர்ந்தது; பசை எதுவும் கிடையாது. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலை, தண்ணீரைக் கண்டால் விலகும் இரண்டு வால்கள். வால்கள் உட்பக்கம் ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்கின்றன. ரசத்தின் மேல் எண்ணெய் ஒதுங்குகிறதே, அதே வெறுப்புதான் இங்கே வேலை செய்கிறது.

இது இரட்டை வரிசை என்று 1925-இல் நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் சொன்னார்கள். சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரவியது. உண்மையில் அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். பிழைக்குப் பிழை ஈடாகி விடை சரியாகிவிட்டது. மாணவர்கள் தேர்வில் இதை முயன்று பார்க்க வேண்டாம்!

1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் படத்தை முழுமையாக்கினார்கள். கொழுப்பு மூலக்கூறுகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கிடையே புரதங்கள் மிதக்கின்றன. சவ்வைக் கடந்து நிற்கும் புரதங்கள் சில வாயில்கள், சில பம்புகள். ஒரு பம்பு ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது.

வாசலில் ஒரு பாட்டி என்னை நிறுத்திக் கேட்டார்: “வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்களே தம்பி, சர்க்கரை ருசிக்குத்தானே?”

ருசிக்கு இல்லை, பாட்டி. சிறுகுடலின் சவ்வில் ஒரு வாயில் இருக்கிறது. அது குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே விடும். இரண்டும் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு குடலைத் திறந்துவிட்ட குழாய்போல் ஆக்கினாலும் இந்த வாயில் கெடுவதில்லை. ஆனால் சர்க்கரை மிஞ்சினால், உடம்பிலிருக்கும் நீரையும் அது குடலுக்குள் இழுத்துவிடும். அதனால் பேரன் இனிப்புக் கேட்டு அழுதாலும், உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படியே கரையுங்கள்.